கண்டவர்களும் கேட்டவர்களும்

1

வதந்தியைப் பற்றி நம்மிடம் இரண்டு மனோபாவங்கள்தான் இருந்துவருகின்றன. ஒன்று நம்புவது, மற்றது சிரிப்பது. நம்புகிறவன் கேட்டதை அப்படியே அடுத்தவனிடம் கொடுத்துவிடுகிறான். சிரிக்கிறவன் அதை மூடத்தனம் என்று பெயரிட்டு ஒதுக்கிவிடுகிறான். எதிரெதிரானவையாகத் தோன்றும் இந்த இரண்டும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன: இருவருமே சொல்கிறவனை மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்ற நம் பழமொழிகூட வாயை மூடுவதைப் பற்றித்தான் கவலைப்படுகிறது. அந்த வாய் என்ன சொல்லிற்று, ஏன் அதைச் சொல்லிற்று என்ற கேள்வி அதில் இல்லை.

சமூக மனவியல் என்ற துறை, தன் ஆரம்ப நாட்களில், மூன்றாவது ஒரு மனோபாவத்தைச் சாத்தியமாக்கிற்று. அது எழுதிக்கொள்வது. யார் சொன்னது, எந்த ஊரில், எந்த நாளில், யாரிடமிருந்து கேட்டு, சொல்லும்போது அவர் எதை இழந்திருந்தார் அல்லது எதை இழக்காமல் தப்பியிருந்தார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வது. இந்த முறைக்கு உலக அளவில் முக்கியமான ஒரு முன்னோடி நம் நாட்டில், பீகாரில், ஒரு பூகம்பத்தின் இடிபாடுகளுக்கிடையில் உருவாயிற்று என்பதும், அமெரிக்க மனவியலின் மிகப் புகழ்பெற்ற கோட்பாடு ஒன்று அதிலிருந்துதான் கிளைத்தது என்பதும் தமிழில் அதிகம் பேசப்படாத சரித்திரம். அந்தச் சரித்திரத்தைத் திருவண்ணாமலையில், ரமணாசிரமம் இருக்கும் மலையின் தெற்கு அடிவாரத்திலிருந்து பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே இரவில் பலர் கண்டதாகச் சொன்ன ஒரு காட்சி இந்த ஊரின் நினைவில் இருக்கிறது. மிக அண்மையில் நிகழ்ந்த ஒரு மண்சரிவும் இருக்கிறது. இரண்டும் அந்த நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு நிற்கின்றன.

2

இந்தியாவில் இத்துறையின் தொடக்கம் கல்கத்தாவில். 1916இல் அங்கே பல்கலைக்கழகத்தில் மனவியலுக்குத் தனித்துறை ஏற்பட்டது. அதன் முதல் பொறுப்பாளர் என். என். சென்குப்தா. அவரும் சி. பி. என். சிங்கும் 1926இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள்: ஒருவன் தனியாக இருந்து செய்யும் மனவேலைக்கும், மற்றவர்களுடன் சேர்ந்து இருந்து செய்யும் மனவேலைக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு வருஷம் கழித்து, 1928இல், ராதாகமல் முகர்ஜியும் சென்குப்தாவும் சேர்ந்து சமூக மனவியலுக்கு ஒரு அறிமுக நூல் எழுதினார்கள். பக்கத்தில் ஒருவன் இருந்தால் நான் வேறு ஆளாகிவிடுகிறேனா என்பதுதான் அத்துறையின் மூலக் கேள்வி. பக்கத்தில் இருப்பவன் ஒருவனாக இல்லாமல் ஒரு ஊராகவே இருந்தால்?

அந்தக் கேள்வியை 1934ஆம் வருஷம் ஜனவரி 15ஆம் தேதி பிற்பகல் இரண்டேகால் மணிவாக்கில் பூமியே எழுப்பிற்று. பீகாரையும் நேபாளத்தையும் உலுக்கிய அந்தப் பூகம்பத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முங்கேர், முஸாஃபர்பூர் போன்ற நகரங்கள் சிதைந்தன. பாட்னாவைச் சேர்ந்த மனவியலாளர் ஜமுனா பிரசாத், பூகம்பத்தைத் தொடர்ந்த நாட்களில் மக்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டவற்றைத் திரட்டத் தொடங்கினார். பூமி அதிர்ந்த கணத்தில் கங்கையில் நீர் மறைந்துவிட்டது, குளித்துக்கொண்டிருந்தவர்கள் மணலில் புதைந்துபோனார்கள் என்று ஒரு பேச்சு. இன்ன தேதியில் பாட்னாவில் பெரும் புயல் அடிக்கப்போகிறது என்று ஒன்று. சந்திரகிரகணத்தன்று இன்னொரு கடும் பூகம்பம் வரும் என்று ஒன்று. இவற்றை அவர் கேலி செய்யவில்லை, வகைப்படுத்தினார். 1935இல், பார்ட்லெட் ஆசிரியராக இருந்த பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்காலஜியில் அவருடைய கட்டுரை வெளிவந்தது.

பிரசாத் கண்டுசொன்னதைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். வதந்தி பிறக்க ஒரு சூழ்நிலை வேண்டும். அது உணர்ச்சியைக் குலைப்பதாக இருக்கவேண்டும். வழக்கத்துக்கு மாறானதாக இருக்கவேண்டும். அதில் தெரியாத அம்சங்கள் நிறைய இருக்கவேண்டும். சரிபார்க்க முடியாதவை இருக்கவேண்டும். கடைசியாக, அது ஒரு குழு முழுவதற்கும் அக்கறைக்குரியதாக இருக்கவேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் அவருடைய பார்வையின் ஆணிவேர். வதந்தி தனிமனிதனின் ஞாபகப் பிசகு என்பது அவர் கருத்தல்ல. ஒரு கூட்டம், விளக்கம் இல்லாத ஒன்றை எதிர்கொள்ளும்போது, தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் புராணம், ஜோசியம், பழங்கதை ஆகிய சரக்கிலிருந்து எடுத்து எல்லோருமாகச் சேர்ந்து கட்டிக்கொள்ளும் விளக்கம் அது. பிரசாத் 1950இல் எழுதிய இரண்டாவது கட்டுரையில், தான் சேர்த்தவற்றைக் கடந்த ஓராயிரம் ஆண்டுகளில் பல நாடுகளில் நிகழ்ந்த பூகம்பங்களின் பேச்சுகளோடு ஒப்பிட்டார். ஒப்புமைகள் வியப்புக்குரியவையாக இருந்தன. பீகார்க் குடியானவனின் அறியாமை என்று ஒதுக்கிவிடும் வசதி அத்தோடு போயிற்று.

இங்கே தமிழ்நாட்டுக்கு ஒரு தொடர்பு உண்டு. பூகம்பம் நிகழ்ந்த சமயம் காந்தி தீண்டாமை ஒழிப்புக்காகத் தெற்கே சுற்றுப்பயணத்தில் இருந்தார். 1934 ஜனவரி 24ஆம் தேதி திருநெல்வேலிக் கூட்டத்தில், இந்தப் பூகம்பம் தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் அனுப்பிய தண்டனை என்று சொன்னார். தாகூர் இதை மறுத்து எழுதினார். அந்த மறுப்பையும் தன் பதிலையும் காந்தி பிப்ரவரி 16ஆம் தேதி ஹரிஜனில் சேர்த்தே வெளியிட்டார். பௌதிக நிகழ்ச்சிக்குப் பௌதிகக் காரணம்தான் உண்டு என்பது தாகூரின் வாதம். பௌதிகத்துக்கும் ஒழுக்கத்துக்கும் பிரிக்கமுடியாத உறவு உண்டு என்பது காந்தியின் நம்பிக்கை. இந்த விவாதத்தை நாம் அறிவுக்கும் நம்பிக்கைக்குமான மோதலாகவே வாசித்துவந்திருக்கிறோம். சமூக மனவியலின் பக்கமிருந்து வாசித்தால் வேறொன்று தெரிகிறது. திருநெல்வேலி மேடைக்கும் முங்கேரின் இடிபாடுகளுக்கும் இடையில் இந்தியாவின் ஏறக்குறைய முழு நீளமும் இருந்தது. அர்த்தம் சொன்னவர் பூகம்பத்தில் இல்லை; மறுத்தவரும் அதில் இல்லை. பூகம்பத்தில் இருந்தவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைத் திரட்டியது பிரசாத்தின் நோட்டுப் புத்தகம் ஒன்றுதான்.

பீகார் நிவாரண வேலையைத் தலைமை தாங்கி நடத்திய ராஜேந்திர பிரசாத், 1938 ஆகஸ்டில் ஜம்னாலால் பஜாஜுடன் ரமணாசிரமத்துக்கு வந்து சில நாட்கள் தங்கினார். பீகாரின் இடிபாடுகளைக் கண்ட மனிதர் இந்த மலையடிவாரத்தில் உட்கார்ந்திருந்தார் என்பதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த இடம் நாட்டின் மற்ற அவதிகளிலிருந்து துண்டிக்கப்பட்ட ஒரு குகை அல்ல என்பதற்கு அந்தச் சிறு தகவல் போதும்.

3

பிரசாத்தின் சரக்கு கடல் கடந்து என்ன ஆயிற்று என்பது, ஒரு கோட்பாடு எப்படிப் பிறக்கிறது, பிறக்கும்போது எதை இழக்கிறது என்பதற்கான உதாரணம்.

1932இல் பார்ட்லெட் ஞாபகத்தைப் பற்றிய தன் நூலை வெளியிட்டிருந்தார். அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் கொடுத்து, திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். கதை சுருங்கிற்று, தெரியாத மரக்கலம் தெரிந்த படகாகிற்று, புரியாத இடங்கள் ஒழுங்குபட்டன. நினைவு என்பது பெட்டியில் வைத்து எடுப்பதல்ல, ஒவ்வொரு முறையும் கட்டுவது என்றார் அவர். 1947இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஆல்போர்ட்டும் போஸ்ட்மனும் இந்த முறையை வதந்திக்குப் பயன்படுத்தினார்கள். ஒருவனுக்கு ஒரு படத்தைக் காட்டுவது; அவன் அடுத்தவனிடம் சொல்ல, அவன் அதற்கடுத்தவனிடம் சொல்ல, ஐந்தாறு வாய் மாறுவதற்குள் விவரங்களில் சுமார் எழுபது சதவீதம் உதிர்ந்துபோயிற்று. ஒரு படத்தில் சவரக்கத்தி வெள்ளைக்காரனின் கையில் இருந்தது. பாதிக்கு மேற்பட்ட சோதனைகளில், சொல்லிக்கொண்டு போகும் வழியில் எங்காவது ஓரிடத்தில் அது கறுப்பனின் கைக்கு மாறிற்று. இது பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் ஒரு விலை கொடுத்து வாங்கப்பட்டது. அந்த அறையில் பயம் இல்லை, பூகம்பம் இல்லை, கேட்பவன் திருப்பிக் கேள்வி கேட்கும் உரிமையும் இல்லை. பிரசாத்திடம் குழுவின் வேலையாக இருந்த வதந்தி இங்கே வரிசையில் நிற்கும் தனிமனிதர்களின் ஞாபகக் குறையாகிவிட்டது. பிரசாந்த் போர்டியா, நிக்கலஸ் டிஃபான்ஸோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002இல் இந்த மாற்றத்தைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பே, சமூக மனவியல் தன் சமூகத்தன்மையில் குறைந்துபோன கதை என்று பொருள்படுவது.

அடுத்தவர் லியான் ஃபெஸ்டிங்கர். 1951இன் இறுதியில், தகவல் தொடர்பைப் பற்றிய ஆய்வுகளை ஒரு கோவையில் தொகுத்துப் பார்க்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. படித்துக்கொண்டே போனவரைப் பிரசாத்தின் கட்டுரை நிறுத்திற்று. அதிர்ச்சியை உணர்ந்தவர்கள், ஆனால் நேரடியாக எதையும் இழக்காதவர்கள், ஏன் இன்னும் மோசமான அழிவு வரப்போகிறது என்ற பேச்சைப் பரப்பவேண்டும்? ஆறுதல் தரும் பேச்சையல்லவா மனிதர்கள் விரும்புவார்கள்? ஃபெஸ்டிங்கருக்குத் தோன்றிய பதில் எளிமையானது, ஆழமானது. அவர்கள் ஏற்கெனவே பயந்துபோயிருந்தார்கள். சுற்றிப் பார்த்தால் பயப்பட ஒன்றும் இல்லை. பயம் இருக்கிறது, காரணம் இல்லை. இந்தப் பொருத்தமின்மையை மனம் தாங்குவதில்லை. எனவே பயத்துக்குத் தகுந்த ஒரு காரணத்தை அது உண்டாக்கிக்கொள்கிறது.

இதைச் சரிபார்க்க அவருக்கு இன்னொரு இந்தியக் கட்டுரை கிடைத்தது. 1950 ஜூனில் டார்ஜிலிங்கில் பெரும் மண்சரிவு நிகழ்ந்தது. உயிர்ச்சேதமும் பொருட்சேதமும் ஏராளம். துர்கானந்த் சின்ஹா அங்கே உலவிய பேச்சுகளைத் திரட்டி 1952இல் வெளியிட்டார். அங்கே இன்னும் பயங்கரமான எதிர்காலத்தைச் சொல்லும் பேச்சுகள் இல்லை. அழிவைக் கண்ணால் கண்டவர்களின் பயத்துக்குக் காரணம் கண்முன் கிடந்தது. கற்பனையிலிருந்து காரணம் வரவழைக்கவேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. பாட்னாவுக்கும் டார்ஜிலிங்குக்கும் இடையிலுள்ள இந்த வித்தியாசத்திலிருந்துதான் 1957இல் மனமுரண் கோட்பாடு புத்தகமாக வெளிவந்தது.

இங்கே ஒரு விஷயம் உறுத்துகிறது. பாட்னா முற்றிலும் தப்பிவிடவில்லை. அங்கேயும் கட்டடங்கள் சேதப்பட்டன. சேதமற்ற ஊர், சேதமுற்ற ஊர் என்ற சுத்தமான எதிர்நிலை, தூரத்திலிருந்து வாசிக்கும்போது கிடைக்கும் சுத்தம். ஒரே தெருவில் ஒரு வீடு இடிந்து அடுத்த வீடு நிற்கும். நின்ற வீட்டுக்காரனின் பேச்சும் இடிந்த வீட்டுக்காரனின் பேச்சும் தெருமுனை டீக்கடையில் கலந்துதான் வெளியே போகும். கோட்பாட்டுக்கு வேண்டியிருந்தது இரண்டு ஊர். உண்மையில் இருந்தது ஒரு தெரு.

கோட்பாடு அங்கிருந்து பரிசோதனைச் சாலைக்குள் போயிற்று. 1959இல் ஃபெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் மாணவர்களைச் சலிப்பூட்டும் ஒரு வேலையைச் செய்யவைத்து, அது சுவாரஸ்யமாக இருந்தது என்று அடுத்தவரிடம் பொய் சொல்லச் சிலருக்கு ஒரு டாலரும் சிலருக்கு இருபது டாலரும் கொடுத்தார்கள். ஒரு டாலர் வாங்கியவர்கள் தங்கள் பொய்யைத் தாங்களே அதிகம் நம்பினார்கள். குறைந்த கூலிக்குச் சொன்ன பொய்யை நியாயப்படுத்த வேறு வழியில்லை. இந்தப் பரிசோதனை பாடப்புத்தகங்களில் நிலைபெற்றது. இதே வகையான பரிசோதனையை 39 சோதனைச்சாலைகள் சேர்ந்து மறுபடி செய்து 2024இல் வெளியிட்டபோது, எதிர்பார்த்த முக்கியமான விளைவு கிடைக்கவில்லை. உலகம் அழியும் என்று 1954 டிசம்பர் 21ஆம் தேதியைக் குறித்து வைத்திருந்த சிகாகோ பகுதிக் குழு ஒன்றுக்குள் ஃபெஸ்டிங்கரின் ஆட்கள் பக்தர்களைப் போல நடித்து நுழைந்து எழுதிய நூல் 1956இல் வந்தது. குறித்த நாள் பொய்த்த பிறகு நம்பிக்கை தளரவில்லை, பிரசாரமாக வலுத்தது என்பது அதன் முடிவு. ஃபெஸ்டிங்கரின் காகிதங்களைப் பரிசீலித்து 2025இல் வெளியான ஆய்வு, அந்தக் குழு புத்தகம் சொல்வதைவிட விரைவில் கலைந்துவிட்டது என்றும், கவனிக்கப் போனவர்களே குழுவின் போக்கைப் பாதித்தார்கள் என்றும் வாதிடுகிறது.

கோட்பாடு முற்றிலும் விழுந்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. தன் நடத்தைக்குப் பொருத்தமாகத் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ளாத மனிதன் யார்? சொல்லவருவது இதுதான்: இந்தப் பெரிய கட்டடத்தின் அடியில், யாரிடமும் நடிக்காமல், யாரையும் கூலி கொடுத்துப் பொய் சொல்லவைக்காமல், நடந்த இடத்தில் நின்று கேட்டு எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. மேல்மாடிகளில் விரிசல் கண்ட பிறகும் அதன் மதிப்புக் குறையவில்லை.

4

இனி திருவண்ணாமலை.

1950 ஏப்ரல் 14ஆம் தேதி இரவு 8.47க்கு ரமணர் இறந்தார். டார்ஜிலிங் மண்சரிவுக்கு இரண்டு மாதம் முன்பு. பிரசாத்தின் இரண்டாவது கட்டுரை வெளிவந்த அதே வருஷம். அந்த நேரத்தில் வானத்தில் ஒரு பெரிய ஒளி மெல்ல நகர்ந்து சென்று அருணாசல உச்சிக்குப் பின்னால் மறைந்ததைப் பலர் கண்டதாகச் சாட்சியங்கள் உள்ளன. அவற்றில் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது ஃபிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோனுடையது. அவர் அப்போது அங்கே தங்கியிருந்தார். ஒளி தெற்கிலிருந்து வந்து மலையுச்சியில் மறைந்தது, உடனே கடிகாரத்தைப் பார்த்தோம், 8.47 என்று எழுதியிருக்கிறார். சென்னையிலிருந்து வந்த நாளிதழ்களிலும் பல ஊர்களில் அது காணப்பட்டதாகச் செய்தி இருந்தது என்பதும் அவர் குறிப்பில் உண்டு. 1954இல் வெளிவந்த ஆர்தர் ஆஸ்பார்னின் நூலிலும் இந்தச் சம்பவம் இடம்பெறுகிறது.

நம்புகிறவர்களுக்கு இது நிரூபணம். சிரிக்கிறவர்களுக்கு எரிகல். இரண்டு தரப்பும் அத்தோடு திருப்தியடைந்துவிட்டன. எரிகல் என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடுமா? வளிமண்டலத்தில் மிக உயரத்தில் எரியும் ஒரு பெரிய எரிகல்லை நூற்றுக்கணக்கான மைல் பரப்பில் உள்ளவர்கள் பார்க்கமுடியும். அப்படியானால் சென்னையில் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. ஆசிரமம் மலைக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே நிற்பவனுக்கு உச்சி வடக்கே. தெற்கிலிருந்து வடக்காகப் போகும் எந்த ஒளியும் அங்கே நிற்பவன் கண்ணுக்கு மலையின் பின்னால்தான் மறையும். வேலூரில் நின்றவனுக்கு அதே ஒளி அருணாசலத்தில் மறைந்திருக்க முடியாது. நிற்கும் இடம் காட்சியை முடிவுசெய்கிறது. இதைச் சொல்வதால் கண்டவர்கள் பொய் சொன்னார்கள் என்றாகாது. அவர்கள் கண்டது நிஜம். அவர்கள் நின்ற இடமும் அந்தக் காட்சியில் ஒரு பகுதி என்பதுதான் விஷயம்.

சமூக மனவியலின் கேள்விகள் இங்கேதான் தொடங்குகின்றன. ஒளியைக் கண்ட கணத்திலேயே அதை மரணத்தோடு இணைத்தவர்கள் யார்? மரணச் செய்தி கேட்ட பிறகு இணைத்தவர்கள் யார்? அன்றிரவு வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருந்து ஒளியைப் பார்த்து, ஏதோ வால்நட்சத்திரம் என்று திரும்பிப் படுத்துக்கொண்டு, மறுநாள் பேப்பரைப் பார்த்த பிறகு மெய்சிலிர்த்தவர்கள் எத்தனை பேர்? பார்த்தும் கடைசிவரை எதோடும் இணைக்காதவர்கள்? செங்கம் ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டு போனவன் என்ன கண்டான்? சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இலேயே ஜி. டி. போவாஸ் தலைமையில் மனவியல் துறை ஏற்பட்டிருந்தது. அதே 1950இல் யுனெஸ்கோவின் சார்பில் கார்ட்னர் மர்ஃபி இந்தியாவுக்கு வந்து, இந்தியப் பல்கலைக்கழகங்களின் உதவியோடு சமூகப் பிளவுகளை ஆராய்ந்து 1953இல் நூலாக்கினார். கருவிகள் இருந்தன, ஆட்கள் இருந்தார்கள். ஆனால் ஏப்ரல் 14ஐப் பற்றி நம்மிடம் நிலைத்திருப்பவை முக்கியமாக வட்டத்துக்குள் இருந்தவர்களின் நினைவுகள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாதவனின் மௌனம் எந்தப் பக்கத்திலும் இல்லை.

பக்தர்களுக்கு முறை தெரியாது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடாது. இதே இடத்தில் அதற்கு நேர்மாறான சான்று ஒன்று உண்டு. ரமணரின் முதல் ஆங்கில வாழ்க்கை வரலாற்றை 1931இல் பி. வி. நரசிம்ம ஸ்வாமி எழுதினார். 1896இல் மதுரையில் நிகழ்ந்த மரண அனுபவம், ரமணரே 'நான்' என்று சொல்வதாக அதில் இடம்பெறுகிறது. உலகம் முழுவதும் மேற்கோளாகச் சுற்றிவந்துகொண்டிருக்கும் பகுதி அது. ஆனால் நரசிம்ம ஸ்வாமி அங்கே ஒரு அடிக்குறிப்பு போட்டிருக்கிறார்: இவை ரமணர் சொன்ன அதே வார்த்தைகள் அல்ல, 1930இல் பல நாட்கள் நடந்த உரையாடல்களின் சாரம், அவர் பேசும்போது 'நான்' என்ற சொல்லை அரிதாகவே கையாளுவார் என்ற பொருளில். ஒரு கள ஆய்வாளன் இதைவிட நேர்மையாக இருக்கமுடியாது. பிறகு என்ன நடந்தது? மேற்கோள் வாய் மாறி வாய் போயிற்று; அடிக்குறிப்பு உதிர்ந்துவிட்டது. ஆல்போர்ட் அறைக்குள் கண்டது இங்கே ஐம்பது அறுபது வருஷ நூல்களின் வரிசையில் நடந்திருக்கிறது. சொல்லிக்கொண்டு போகும்போது முதலில் விழுவது, இது எப்படித் தெரிந்தது என்ற தகவல்தான். என்ன தெரிந்தது என்பது மட்டும் பளபளவென்று மிஞ்சுகிறது.

5

கூட்டத்தின் மனத்தை ஆராய நிஜமான கூட்டத்துக்குள்ளேயே போகும் வழக்கம் பிற்காலத்தில் திரும்பி வந்தது. 1895இல் குஸ்தாவ் லெ பான் கூட்டத்தில் மனிதன் தன்னை இழக்கிறான், கீழிறங்குகிறான் என்று எழுதியதிலிருந்து, கூட்டம் என்றாலே சந்தேகத்துக்குரியது என்ற எண்ணம் அறிவாளிகளிடம் படிந்துபோயிற்று. நம் எழுத்தாளர்களும் அதற்கு விலக்கல்ல. இந்திய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சேர்ந்து அலகாபாத் மாக மேளாவை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட முடிவு வேறுமாதிரி. குளிரில், சத்தத்தில், நெரிசலில் ஒரு மாதம் ஆற்றங்கரையில் கிடக்கும் யாத்ரீகர்கள் 416 பேரையும், போகாமல் ஊரிலேயே இருந்த 127 பேரையும் மேளாவுக்கு முன்பும் பின்பும் கேட்டார்கள். போய் வந்தவர்களின் நலன் கூடியிருந்தது. இன்னொரு சோதனையில் ஒரே ஒலிப்பதிவை, மேளாவின் ஒலி என்றும் நகரத்தெருவின் ஒலி என்றும் சொல்லிக் கேட்கவைத்தார்கள். மேளா என்று சொன்னபோது யாத்ரீகர்கள் அதை அதிக நேரம் பொறுத்துக் கேட்டார்கள். இரைச்சல் ஒன்றுதான், அது நம் இரைச்சலா, பிறர் இரைச்சலா என்பதில் இருக்கிறது வித்தியாசம்.

இந்த ஆய்வின் சிறப்பு அந்த 127 பேரில் இருக்கிறது. போகாதவர்களையும் கேட்டிருக்கிறார்கள். பௌர்ணமி இரவில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்கும் லட்சக்கணக்கானவர்களைப் பற்றி எழுதப்போகும் எவனும், அன்றிரவு வீட்டுக்குள்ளே இருக்கும் உள்ளூர்க்காரனையும், பாதையோரம் கடை போட்டவனையும், விடிந்ததும் குப்பை அள்ளுபவளையும் கேட்கவேண்டும். அதே இரைச்சல் அவர்கள் காதில் வேறு.

2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயலின் மழையில், இதே மலையின் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் விழுந்தன. ஏழு பேர் இறந்தார்கள்; அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். பன்னிரண்டு நாள் கழித்து, டிசம்பர் 13ஆம் தேதி கார்த்திகை தீபம். நிலவியல் நிபுணர்கள் மண்ணின் நிலையைப் பார்த்துச் சொன்னதன் பேரில் பொதுமக்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. தீபம் வழக்கம்போல் ஏற்றப்பட்டது.

மலையே சிவன் என்று நம்பும் ஊரில் மலை சரிந்து குழந்தைகள் இறந்தால், அதற்கு என்ன அர்த்தம் சொல்வது? திருநெல்வேலி மேடையில் எழுந்த கேள்வி இது. பதில் சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமிருக்காது. பாவம் என்பார்கள், எச்சரிக்கை என்பார்கள், கலியின் அடையாளம் என்பார்கள்; மறுபக்கத்திலிருந்து இதோ பாருங்கள் உங்கள் தெய்வத்தை என்பார்கள். பாட்னாவும் டார்ஜிலிங்கும் கற்றுத்தருவது, இந்த அர்த்தங்களைக் கேட்கும்போது சொல்பவர் எங்கே நிற்கிறார் என்று பார்க்கவேண்டும் என்பதுதான். அதிர்வு மட்டும் எட்டி, இழப்பு எட்டாத தூரத்தில் நிற்கிறவனுக்கு அர்த்தம் அவசரமாகத் தேவைப்படுகிறது; அவன் பயத்துக்கோ பக்திக்கோ கோபத்துக்கோ ஒரு காரணம் வேண்டும். இடிந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருப்பவனிடம் வேறு விஷயங்கள் இருக்கும். எந்த நேரத்தில் சத்தம் கேட்டது, யார் முதலில் ஓடினார்கள், சரிவில் வீடு கட்டவேண்டி வந்தது எப்படி, இனி மழை பெய்தால் எங்கே போய்ப் படுப்பது. இந்தப் பேச்சில் பிரபஞ்சம் குறைவாகவும் விவரம் அதிகமாகவும் இருக்கும். இறந்துபோன குழந்தைகளுக்குச் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை, அவர்களை நம் வாதத்துக்கு உதாரணமாக்காமல் இருப்பது.

இலக்கியத்துக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சில நூறு பிரதிகள் அச்சாகி, ஒருவரையொருவர் அறிந்தவர்களுக்குள் சுற்றிவரும் பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் நாம். ஒரு நாவலைப் பற்றிய அபிப்பிராயம் நம்மிடையே எப்படிப் பரவுகிறது? படித்தவன் ஒருவன், அவனிடம் கேட்டவன் நால்வர், நால்வரிடம் கேட்டு முடிவுகட்டியவன் நாற்பது பேர். இது எப்படித் தெரிந்தது என்ற அடிக்குறிப்பு இரண்டாவது வாயிலேயே விழுந்துவிடுகிறது. குழுவின் ஆதரவு இருக்கும்வரை பொய்த்துப்போன கணிப்பும் கோட்பாடாக நிற்கும் என்பதை அறிந்துகொள்ள நாம் சிகாகோவுக்குப் போகவேண்டியதில்லை.

கண்டவன் சொல்லமாட்டான், சொல்பவன் கண்டிருக்கமாட்டான் என்பது நம் மரபின் பெருமிதமான ஒரு நிலை. ஞானத்துக்கு அது பொருந்தலாம். சரித்திரத்துக்குப் பொருந்தாது. சரித்திரத்தில் கண்டவன் சொல்லியே ஆகவேண்டும். கேட்டவன், நான் கேட்டதுதான் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கவேண்டும். 1934இல் பிரசாத்தும் 1950க்குப் பின் சின்ஹாவும் செய்தது இவ்வளவுதான். வ.உ.சி. நகரின் அந்தத் தெருவில் இருப்பவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஏப்ரல் 14ஆம் தேதி இரவைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் இல்லை. முன்னதைக் கேட்டு எழுத இன்னும் நேரம் இருக்கிறது.